செல்லாக் காசு

அஞ்சல் தலை சேர்ப்போர் உண்டு. பழங்காசு சேர்ப்போர் உண்டு. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்த பிள்ளைகளையும் நாம் அறிவோம். சேர்ப்பவர் எவராயினும் அவர்தம் விருப்பம் ஒன்றே: பொருள் சிதையாமல் இருக்க வேண்டும். அஞ்சல் தலையின் விளிம்பில் ஒரு பல் குறைந்தாலும் அதன் மதிப்புக் குறைந்துவிடும். காசிலுள்ள மன்னனின் முகம் தேய்ந்திருந்தால் வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்குவார். ஆனால், காசின் முகத்தை வேண்டுமென்றே அழித்து, அதன் வட்டத்தை நீட்டி, எந்தக் கடையிலும் செல்லாததாக ஆக்கிய பின்னரே அதனைப் போற்றிப் பாதுகாக்கும் வழக்கம் ஒன்றும் உலகில் உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவன் பத்து வயதுப் பாலகன்; என் பேரன்.

2014ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் வாழும் என் மகனின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்ற எனக்கு, வானூர்தியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது மேலே ஏறும்போது காது அடைக்கும் என்பது மட்டுமே. பேரனோ வானூர்திகளின் பெயர்களை வாய்ப்பாடுபோல் ஒப்புவிப்பான். விடுமுறைக்கு எந்த ஊருக்குச் செல்லலாம் என்று பேச்சு எழுந்தால், அங்கே வானூர்தி அருங்காட்சியகம் உண்டா என்பதே அவனது முதல் வினா. எங்கள் ஊர் வழக்கப்படி அவன் தன் தந்தையை 'வாப்பா' என்றும் என்னை 'அப்பா' என்றும் அழைப்பான். அந்த அழைப்பைக் கேட்பதற்காகவே கடல் கடந்து போனேன் என்று சொன்னாலும் பொருந்தும்.

கரும்பு ஆலையும் காசு ஆலையும்

அவர்கள் என்னை முதலில் அழைத்துச் சென்ற இடம், டல்லஸ் பன்னாட்டு வானூர்தி நிலையத்தின் அருகே சாண்டிலி என்னும் ஊரில் அமைந்துள்ள உட்வர்-ஹேசி மையம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான்வெளி, விண்வெளி அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியான இம்மையம் 2003ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே காலடி வைத்ததும் கூரையின் உயரத்தைக் கண்டு மலைத்துப் போனேன். ஒலியை விஞ்சிப் பறந்த கான்கார்டு வானூர்தி ஒருபுறம். 1990ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வாஷிங்டன் வரை 64 நிமிடம் 20 நொடிகளில் பறந்து வந்த கரிய 'பிளாக்பேர்டு' மற்றொரு புறம். அப்பால், 39 முறை விண்வெளி சென்று மீண்ட 'டிஸ்கவரி' விண்ணோடம்.

பேரனின் கைவிரல்கள் என்னைப் பற்றி இழுத்துச் சென்றதோ வேறிடத்துக்கு. அங்கே இடுப்பளவு உயரத்தில் ஓர் இயந்திரம் நின்றது. பக்கவாட்டில் வண்டிச் சக்கரம் போன்ற கைப்பிடி, முன்புறத்தில் கண்ணாடி, அதனுள்ளே பற்சக்கரங்களும் இரண்டு எஃகு உருளைகளும். 25 சென்ட் நாணயங்கள் இரண்டைக் கட்டணமாகவும், 'பென்னி' எனப்படும் ஒரு சென்ட் செம்புக் காசைப் பலிப்பொருளாகவும் அதில் இட வேண்டும். பின்னர்க் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். நம் ஊர்த் தெருவோரத்தில் கரும்பை இரண்டு உருளைகளுக்கிடையே செலுத்திப் பிழிவார்கள் அல்லவா? அதே செய்கைதான். கரும்பு சாற்றைத் தருகிறது. காசு தன் முகத்தைத் தருகிறது. உருளைகளில் ஒன்றில் ஓர் உருவம் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கும். காசு நசுங்கி நீளும்போது அவ்வுருவம் அதன்மேல் பதிந்துவிடும். 19 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டம், ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமுள்ள மெல்லிய நீள்வட்டமாகி, 'கிளிங்' என்ற ஓசையுடன் கீழே விழும். கையில் எடுத்தால் இளஞ்சூடு இருக்கும்.

நான் திடுக்கிட்டேன். "அரசாங்கக் காசைச் சிதைப்பது குற்றம் அல்லவா?" என்று கேட்டேன். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடைசெய்கிறது. மகன் விளக்கினான்: அமெரிக்கச் சட்டத்தில், மோசடி செய்யும் நோக்குடன் காசைச் சிதைப்பதே குற்றம்; நசுக்கிய காசை நல்ல காசென்று எவரும் எவரிடமும் தர முயல்வதில்லை; ஆதலால் இது குற்றமாகாது. இவ்வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதும் அன்று. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நடைபெற்ற கொலம்பிய உலகக் கண்காட்சியில் இத்தகைய நீள்காசுகள் நினைவுப் பொருளாக அழுத்தித் தரப்பட்டன.

பேரன் தன் சட்டைப் பையிலிருந்த காசுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டான். "1982க்கு முந்திய காசாக இருக்க வேண்டும், அப்பா. அவை நல்ல செம்பு. அந்த ஆண்டில் உள்ளே துத்தநாகம் வைத்து மேலே செம்பு பூசத் தொடங்கிவிட்டார்கள். அதை அழுத்தினால் செம்பு கிழிந்து வெள்ளைக் கோடு தெரியும்" என்றான். அவன் சொன்னது உண்மை. முன்பு நூற்றுக்கு 95 பங்கு செம்பாக இருந்த காசு, 1982க்குப் பின் நூற்றுக்கு 97.5 பங்கு துத்தநாகமாகிவிட்டது. அழுத்தம் வரும்போதுதான் உள்ளிருப்பது வெளியே தெரிகிறது. 1982 என்ற ஆண்டைக் கேட்டதும் மகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். அப்பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

நூற்றிருபது அடி

ஜூன் மாதத்தில் வட கரோலினாவின் கடற்கரையில் உள்ள கில் டெவில் ஹில்ஸ் என்னும் இடத்துக்குச் சென்றோம். மணற்குன்றும் காற்றும் நிறைந்த அவ்விடத்தில்தான் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் உடன்பிறந்தார் முதன்முதலில் விசை வானூர்தியில் பறந்தனர். அன்று அவர்கள் நான்கு முறை பறந்தார்கள். ஆர்வில் பறந்த முதற்பறப்பு 12 நொடி, 120 அடி. வில்பர் பறந்த நான்காம் பறப்பு 59 நொடி, 852 அடி. அதன்பின் ஒரு பெருங்காற்று வந்து அவ்வூர்தியைப் புரட்டிச் சிதைத்துவிட்டது. நான்கு முறையும் ஊர்தி தரையைத் தொட்ட இடங்களில் எண்ணிட்ட கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள்.

புறப்பட்ட இடத்திலிருந்து முதற்கல் வரை பேரனும் நானும் அடியெண்ணி நடந்தோம். ஐம்பது எட்டுகள்கூட இல்லை. "இவ்வளவுதானா, அப்பா?" என்று அவன் வியந்தான். மாபெரும் செயல்களின் தொடக்கம் ஒரு முதியவரின் ஐம்பது எட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த ஊர்தியை வாஷிங்டன் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் பின்னர்க் கண்டோம். அதன் இறக்கைத் துணியிலிருந்தும் மரத்திலிருந்தும் எடுத்த சிறு துண்டுகளை, 1969ஆம் ஆண்டு ஜூலையில் அப்பல்லோ 11 பயணத்தின்போது நீல் ஆம்ஸ்ட்ராங் தம்முடன் நிலவுக்குக் கொண்டுசென்றார் என்பதை அங்கே அறிந்தேன். நிலவுக்குச் செல்பவர்க்கும் ஒரு துண்டுத் துணி தேவைப்படுகிறது! விலை மதிப்பற்ற சிறு பொருள் ஒன்றில் நினைவை முடிந்து வைத்துக்கொள்ளும் இயல்பு மனிதர் அனைவர்க்கும் பொது. அது விளங்கிய பிறகு பேரனின் பொழுதுபோக்கை நான் நகைக்கவில்லை.

அழுத்தாத காசு

ஜூலையில் ஒரு பகல் முழுதும் காரில் பயணம் செய்து ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரை அடைந்தோம். ரைட் உடன்பிறந்தார் மிதிவண்டிக் கடை நடத்திய ஊர் அது. அங்குள்ள அமெரிக்க வான்படை அருங்காட்சியகம் ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலாத அளவு பெரியது. பேரன் கையில் நான்கு செம்புக் காசுகளைப் பளபளக்கத் துலக்கி எடுத்து வந்திருந்தான்.

வெள்ளி நிறத்தில் ஒளிர்ந்த பேரூர்தி ஒன்றின் முன் அவன் நின்றுவிட்டான். பெயர் 'பாக்ஸ்கார்'. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகி நகரின்மேல் அணுகுண்டு வீசிய ஊர்தி அதுவே. அன்று அது தேடிச் சென்ற இலக்கு கொக்குரா என்னும் நகரம். அங்கே வானம் தெளிவாக இல்லாமையால் நாகசாகிக்குத் திரும்பியது. பேரன் என்னிடம் கேட்டான்: "அன்று அங்கே வானம் தெளிவாக இருந்திருந்தால் நாகசாகிப் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்களா, அப்பா?" ஆயிரம் வகுப்புகள் எடுத்த எனக்கு அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

வெளியே வரும் வழியில் மகன், "காசு அழுத்தவில்லையா?" என்று கேட்டான். "இங்கே வேண்டாம், வாப்பா" என்றான் பேரன். "வேறு ஊர்திகளின் படத்தை அழுத்தலாமே?" என்று மகன் கேட்டதற்கு, "எந்தப் படத்தை அழுத்தினாலும் அந்த ஊர்திதான் நினைவுக்கு வரும்" என்றான். அவனது தொகுப்பேட்டில் டேட்டன் என்று எழுதிய பை ஒன்று இருக்கிறது. அதனுள் ஒன்றும் இல்லை. அத்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தவற்றுள் அவ்வெறும் பையும் ஒன்று.

முதற்பை

நான் ஊர் திரும்புவதற்குச் சில நாள்களே இருந்தன. ஒரு மாலையில் பேரன் தன் தொகுப்பேட்டை முதலிலிருந்து எனக்குக் காட்டினான். ஒவ்வொரு பையிலும் ஒரு செம்புக் காசு. அருகே ஊரின் பெயரும் நாளும். ஆனால் முதற்பையில் இருந்தது செம்பு அன்று. வெண்ணிறத்தில், வெற்றிலைக் காம்பின் நுனிபோல் ஒருபுறம் நீண்டு, இலையினும் மெல்லியதாக ஒரு தகடு.

"இதில் படமே இல்லையே?" என்றேன்.

"இது இந்திய இயந்திரத்தில் அழுத்தியது, அப்பா. வாப்பா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுத்தியது. அந்த இயந்திரத்தின் பெயர் தெரியுமா? இரயில்!" என்று சொல்லிச் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1982ஆம் ஆண்டு. அப்போது எங்கள் வீட்டின் பின்புறம் இருப்புப் பாதை சென்றது. மகனுக்கு ஒன்பது வயது. ஒரு மாலையில் நான் வீடு திரும்பும்போது, தண்டவாளத்தின்மேல் குனிந்து அவன் எதையோ வைத்துக்கொண்டிருந்தான். தொலைவில் வண்டியின் ஊதல் கேட்டது. நான் ஓடினேன். அவன் தானாகவே விலகிவிட்டான். வண்டியும் கடந்து சென்றது. அவன் மகிழ்ச்சியோடு ஓடிப்போய் எடுத்து வந்தது, பூவிதழ் விளிம்புகொண்ட அலுமினியப் பத்துப் பைசா. இப்போது விளிம்பும் இல்லை, எழுத்தும் இல்லை. அதனை அவன் கையிலிருந்து பறித்துப் புதரில் எறிந்தேன். அடித்தேன். அடித்ததைக் காட்டிலும் கொடியதாக ஒரு சொல்லும் சொன்னேன்: "காசின் அருமை தெரியாதவன் நீ. நீயும் ஒருநாள் இப்படிச் செல்லாக் காசாகத்தான் போவாய்!"

அவன் அழவில்லை. அன்று முதல் தனக்கு வேண்டியவற்றை அவன் உம்மாவிடமே கேட்டான். படித்தான், உயர்ந்தான், கடல் கடந்தான். மாதந்தோறும் பணம் அனுப்பினான். பெருநாள் தவறாமல் தொலைபேசியில் அழைத்தான். மகனுக்குரிய கடமையில் ஒரு குறையும் வைத்ததில்லை. கடமைக்கு மேல் ஒரு சொல்லும் எங்களுக்கிடையே இருந்ததில்லை.

அன்றிரவு பேரன் உறங்கிய பின், அடுக்களையில் மகன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். நான் வாயிலில் போய் நின்றேன். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. "அந்தக் காசை நான் புதரில் எறிந்தேனே" என்றேன்.

அவன் திரும்பாமலே சொன்னான்: "இரண்டு காசு வைத்தேன், வாப்பா. நீங்கள் ஒன்றைத்தான் பார்த்தீர்கள்."

முப்பத்திரண்டு ஆண்டுகள் தொண்டையில் நின்றதை அப்போது சொன்னேன்: "அன்று நான் சினந்தது காசுக்காக அல்ல. வண்டியின் ஊதலைக் கேட்டதும் என் கால்கள் துவண்டுவிட்டன. நீ இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன் என்று பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டுக் காசைச் சொன்னேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பொறுத்துக்கொள்."

மகன் குழாயை மூடினான். "போன ஆண்டு இவன் பந்தின் பின்னால் சாலையில் ஓடிவிட்டான், வாப்பா. நான் எப்படிக் கத்தினேன் தெரியுமா? 'புதுச் செருப்பு பாழாகிறதே' என்று கத்தினேன்" என்றான். இருவரும் சிரித்தோம். பின்னர் அவன் ஈரக்கையோடு என் கையைப் பற்றிக்கொண்டான். அதற்குமுன் அவன் எப்போது என் கையைப் பற்றினான் என்று எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் மூவரும் மீண்டும் சாண்டிலிக்குச் சென்றோம். பேரன் தன் சேமிப்பிலிருந்து நல்ல செம்புக் காசு ஒன்றை எனக்கெனத் தேடித் தந்தான். முதன்முறையாக நானே கைப்பிடியைச் சுழற்றினேன். பாதிச் சுழற்சியில் அது இறுகியது. என் கைக்கு வலு போதவில்லை. மகன் தன் கையை என் கையின்மேல் வைத்தான். அவன் கையின்மேல் பேரன் தன் சிறு கையை வைத்தான். காசு விழுந்தது.

பென்னியின் முடிவு

2025ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னி அச்சிடப்பட்டது. 1793ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு சென்ட் காசின் வரலாறு 232 ஆண்டுகளில் முடிவுற்றது. ஒரு சென்ட் மதிப்புள்ள காசை அச்சிட 2024ஆம் நிதியாண்டில் 3.69 சென்ட் செலவாயிற்று என்று கணக்கிட்டுள்ளனர், ஆதலால் நிறுத்திவிட்டார்கள். கைகளில் உள்ள பழைய பென்னிகள் இன்னமும் செல்லும். அழுத்தும் இயந்திரங்களுக்கும் அவை உதவும்.

அச்செய்தியை முதலில் எனக்குச் சொன்னவன், இப்போது இருபத்தொரு வயது இளைஞனாகிவிட்ட பேரன். "நாம் அழுத்தியவை இனி இன்னும் அரியவை, அப்பா" என்றான் தொலைபேசியில். பிறகு அவன் வாப்பா பேசினான். இப்போதெல்லாம் பெருநாளுக்கு மட்டும் அவன் அழைப்பதில்லை. ஒரு காரணமும் இல்லாமல் அழைக்கிறான்.

நம் நாட்டில் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் முதல் செல்லாதவை ஆயின. 1982இல் நான் பத்திரப்படுத்தச் சொன்ன பத்துப் பைசாக்கள் எல்லாம் இன்று செல்லாக் காசுகளே. ஒரு வண்டிச் சக்கரத்தின் கீழ் நசுங்கிய பத்துப் பைசா மட்டும், ஒரு பிள்ளையின் தொகுப்பேட்டில் முதலிடம் பெற்று இருக்கிறது.

தமிழ் பயிற்றுவித்தவன் என்ற முறையில் மாணவச் செல்வங்களுக்கும், அவர்களைப் பெற்றோர்க்கும் ஒன்று சொல்வேன். சினத்தில் நாம் உதிர்க்கும் சொல்லும் ஓர் உருளைதான். அதன்கீழ் அகப்பட்ட பிள்ளையின் மனம் நீண்டு நெளிகிறது. பழைய வட்டம் மீண்டும் வருவதில்லை. அஞ்சினால் அஞ்சினேன் என்று சொல்லிவிடுவோம். அன்பை அன்பென்றே சொல்லிவிடுவோம். அதற்குக் காசைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

சாண்டிலியில் நாங்கள் மூவர் அழுத்திய காசு என் மேசைமேல் இருக்கிறது. ஒருபுறம் இறக்கை விரித்த ஓர் உருவம். மறுபுறத்தைச் சாய்த்து ஒளியில் பார்த்தால், ஆபிரகாம் லிங்கனின் முகம் நீண்டு, மங்கலாக, இன்னும் முழுதும் அழியாமல் தெரிகிறது.